கடலூர் பேருந்தில் வரும் மீன்பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம் வாய் திறக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், மடியில் செத்த கெண்டை மீனை வைத்துக்கொண்டு நான் கடலூருக்குப் பேருந்து ஏறியிருக்க மாட்டேன்.

அண்ணாமலை நகரில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, அச்செடுத்து, தங்க எழுத்தோடு பைண்டிங் போட்டுக் கொடுப்பேன். வேதியியல், வரலாறு, கடல்வாழ் உயிரியல் என்று என் கைவழியாகப் போகாத பாடம் இல்லை. அதில் ஒன்றையாவது படித்தேனா என்றால் இல்லை. பக்க எண் சரியா, ஓரம் சரியா, எழுத்துப் பிழை உண்டா என்று பார்ப்பேன். பொருள் பார்ப்பது என் வேலை இல்லை என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருந்த என்னைப் பொருள் பார்க்க வைத்தவர் ஒரு இந்தோனேசியர். சுமத்ரா தீவில் ஒரு பெரிய ஏரிக்கரை ஊர்க்காரர். அங்கே கல்லூரி ஆசிரியர். இங்கே ஆய்வுக்கு வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. விடுதி மெஸ்ஸிலும் டீக்கடையிலும் கற்ற தமிழ், அதனால் பேச்சு எங்கள் ஊர்க்காரன் மாதிரியே இருக்கும். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால்தான் திணறுவார். இந்தோனேசிய ஊர்களில் பழங்கதைகள் மக்களுக்கு என்ன வேலை செய்கின்றன என்பதுதான் அவருடைய ஆய்வு, எழுதுவது ஆங்கிலத்தில். தினமும் மத்தியானம் மடிக்கணினியோடு வந்து என் கடை மூலையில் உட்கார்ந்து, நான் அமைத்த பக்கங்களைத் திருத்துவார். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

முதல் அத்தியாயத்தை அமைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. ஜாவாவின் தெற்குக் கடற்கரையில் பச்சை உடை உடுத்திக்கொண்டு கடலில் இறங்கக் கூடாதாம். பச்சை அங்கே இருக்கும் கடலரசியின் நிறமாம். உடுத்தியவரைத் தன் ஆள் என்று இழுத்துக்கொண்டு போய்விடுவாளாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தம்பி, அப்ப எங்க கடலூர் சில்வர் பீச்சுல ஞாயித்துக்கெழம பாதி ஜனம் காணாப் போயிருக்கணுமே?"

அவர் கோபப்படவில்லை. "அங்க அலை ரொம்ப ஜாஸ்திண்ணே. பச்சை சட்டை போட்டவன் முழுகுனா தண்ணியோட தண்ணியா இருக்கும், தேட முடியாது. போலீஸ் சொன்னா எவன் கேக்குறான்? ராணி சொன்னா கேப்பான்."

இன்னொரு அத்தியாயத்தில் முயல் அளவே இருக்கும் ஒரு சருகுமான். ஆற்றைக் கடக்க வேண்டும், ஆறு முழுக்க முதலை. ராஜா விருந்து வைக்கிறார், தலையை எண்ண வேண்டும் என்று சொல்லி முதலைகளைக் கரைக்குக் கரை வரிசையாகப் படுக்க வைத்து, ஒன்று, இரண்டு என்று முதுகின் மேல் தாவித் தாவி அக்கரை போய்விடுகிறது. சிதம்பரத்தைச் சுற்றி வாய்க்காலிலும் குளத்திலும் முதலை படுத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. "எங்க ஊரு முதலைகிட்ட இது நடக்காது தம்பி. ரேஷன் கடையிலயே நாங்க வரிசையில நிக்க மாட்டோம், எங்க முதலை எங்க நிக்கப் போவுது?" என்றேன். அதை அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். ஆய்வேட்டில் சேர்த்துவிடுவாரோ என்று பயமாகக்கூட இருந்தது.

ஒருநாள் கேட்டேன்: "இதெல்லாம் நெஜமாவே நடந்துச்சின்னு உங்க ஊர்ல நம்புறாங்களா?"

"நெஜமான்னு யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. யாரு சொன்னா, யாருகிட்ட சொன்னா, எப்பச் சொன்னா, அதுதான் கேப்பாங்க. ஒரே கதைதான். மாமனாரு மருமகன்கிட்ட சொன்னா ஒண்ணு, அம்மா பையன்கிட்ட சொன்னா வேற ஒண்ணு."

அப்போது இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பக்க எண்ணைப் பார்க்கப் போய்விட்டேன்.

நாலாவது அத்தியாயம் அவருடைய சொந்த ஊர்க் கதை. ஒரு ஏழை உழவன் தூண்டில் போடுகிறான், பொன்னிறத்தில் ஒரு மீன் மாட்டுகிறது. அது பெண்ணாக மாறி, உன்னைக் கட்டிக்கொள்கிறேன், ஆனால் நான் எங்கிருந்து வந்தவள் என்பதை ஒருநாளும் சொல்லிக்காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறது. கல்யாணம் ஆகிறது, மகன் பிறக்கிறான். மகன் பெரிய பசிக்காரன். வயலில் இருக்கும் அப்பனுக்கு அம்மா கொடுத்தனுப்பும் சோற்றை ஒருநாள் வழியிலேயே தின்றுவிடுகிறான். பசியோடு நின்ற அப்பன் ஆத்திரத்தில், மீனுக்குப் பிறந்த பயலே என்று கத்திவிடுகிறான். பையன் அழுதுகொண்டே அம்மாவிடம் போய்ச் சொல்கிறான். அவ்வளவுதான். வானம் பொத்துக்கொண்டு கொட்டுகிறது, நிலத்திலிருந்து தண்ணீர் பொங்குகிறது, ஊர் முழுகி ஏரியாகிறது. அந்த ஏரிக்கரையில்தான் இவர் வீடு.

"எங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டா, சித்தப்பா வாசல்லேருந்து கேப்பாரு, 'தண்ணி ஏறுதா?'ன்னு. ரெண்டு பேரும் கப்புன்னு வாய மூடிடுவாங்க" என்றார் சுமத்ராக்காரர்.

ஒரு தூக்குச் சோற்றுக்காக ஒரு ஊரையே முழுக அடித்தவனை நினைத்து நான் சிரித்தேன். ஆனால் சத்தியம் என்ற இடத்தில் என் சிரிப்பு கொஞ்சம் தடுக்கியது. காரணம் உண்டு.

என் மனைவி கடலூர் முதுநகருக்குக் கிழக்கே ஒரு மீனவ ஊரில் பிறந்தவள். நான் காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விளைக்கும் குடும்பத்தில் பிறந்தவன். இருவரும் இதே அண்ணாமலை நகரில் படித்தோம். வீட்டில் சண்டை போட்டு, சம்மதம் வாங்கி, ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டோம். பந்தியில் என் பெரியப்பா பக்கத்து இலைக்காரரிடம், "சாம்பார்லயே மீன் வாடை அடிக்குதுய்யா" என்றார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. அப்போது என் மாமனார் தண்ணீர்ச் செம்போடு அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருடைய டம்ளரை நிரப்பிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

மறுவீட்டுக்குப் போனபோது மாமனார் என்னைத் தனியாகப் படகுப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். "மாப்ள, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எந்தச் சண்டையிலயும் எம்பொண்ணு பொறந்த எடத்தச் சொல்லிப் பேசக் கூடாது" என்றார். அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பதினாறு வருஷமாக அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றி வந்தேன். அதே பதினாறு வருஷமாக மாமனாரிடமிருந்து எனக்கு மீன்பெட்டியும் வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மீனை வெட்டிச் சுத்தம் செய்து அடுக்கி, டேப் சுற்றி, கடலூரிலிருந்து வரும் பேருந்தில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நான் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் போய் இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கி வருவேன். பெட்டி எப்போதும் ஒழுகும். ஒருமுறை வழியில் கடையில் வைத்துவிட்டுப் போனதில், ஒரு வேதியியல் ஆய்வேட்டின் அட்டை நனைந்து, அந்தப் பெண் இறால் வாசனையோடு வாய்மொழித் தேர்வுக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் நான் போன் போட்டு, "மாமா, பெட்டி ஒழுவுது" என்பேன். அவரும் ஒவ்வொரு முறையும், "அடுத்த வாட்டி டேப்பு நல்லா ஒட்டுறேன் மாப்ள" என்பார்.

மீன்பெண் கதையை அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். எட்டாவது படிக்கும் என் மகள் வாயைப் பிளந்து கேட்டாள். மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் டியூஷன் நோட்டைத் திருத்திக்கொண்டே கேட்டு முடித்து, "வாய வச்சிகிட்டு சும்மா இருந்திருக்கலாம் அந்த ஆளு" என்றாள். சொல்லும்போது நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை. ஐப்பசி மாதம், காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மாமனாரின் பெட்டி வந்திருந்தது, உள்ளே வஞ்சிரம். மூன்று துண்டு வறுத்து மத்தியானம் கொடுத்தனுப்புகிறேன் என்று மனைவி சொன்னதால் நான் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. கடையிலோ அச்சு இயந்திரம் ஐந்து தாளுக்கு ஒரு தாளைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டிய ஒருவர் அரைமணிக்கொரு தரம் வந்து மணியைப் பார்த்துவிட்டுப் போனார். சுமத்ராக்காரர் மூலையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டேகாலுக்கு மகள் சைக்கிளில் கேரியரோடு வந்தாள். முகவாயில் எண்ணெய் மினுமினுத்தது. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். முதல் அடுக்கில் சோறு, இரண்டாவதில் ரசம், மூன்றாவதில் கோஸ் பொரியல். நாலாவதில் ஒரே ஒரு கறிவேப்பிலை.

"மீன் எங்க?"

"வழியில ஃப்ரெண்டு ஒருத்தி ரொம்பப் பசிக்குதுன்னாப்பா. அவளுக்கு ஒண்ணு குடுத்தேன்."

"மீதி ரெண்டு?"

"அவ தின்னும்போது எனக்கும் பசிச்சிது."

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. மூக்கு சிவந்தது, அந்த ஒரு நொடியும் போனது.

"மீனுக்குப் பொறந்த பொண்ணுதானே நீ! வேற எப்புடி இருப்ப?"

ஒரு வாரமாக என் வாய்க்குள்ளேயே இருந்த கதை அது, அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் வந்த குரல் கதையிலிருந்து வந்ததல்ல. அச்சு அசலாக என் பெரியப்பாவின் குரல். என் காதிலேயே அது அப்படித்தான் விழுந்தது.

மகள் அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், கேரியரின் மூடியை எடுத்து மேசைமேல் வைத்தாள், சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். கதை அவளுக்குத் தெரியும். அடுத்து அந்தப் பையன் எங்கே போவான் என்பதும் தெரியும்.

சுமத்ராக்காரர் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"அண்ணே, மேகம்."

"ஐப்பசி மாசம் தம்பி, மேகம் இருக்கத்தான் செய்யும்."

"எங்க ஊர்ல அவனும் அப்புடித்தான் சொல்லியிருப்பான்."

கால் மணி நேரத்தில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. எதிர்க்கடைப் பலகை தெரியாத அளவுக்கு ஊற்றியது. மின்சாரம் போனது. ஆய்வேட்டுக்காரர் இயந்திரத்தைப் பார்த்தார், நான் மழையைப் பார்த்தேன், சுமத்ராக்காரர் என்னைப் பார்த்தார். நாலு மணிக்கு முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. போனில் மனைவியின் செய்தி இருந்தது: "கடலூர் போறோம். சாம்பார் ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குப் பயம் மனைவி போய்விட்டாளே என்பது மட்டுமல்ல. மாமனாரின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரிய பயம். அந்த மனிதர் என்னிடம் வரதட்சணை பேசவில்லை, சீர் பேசவில்லை. தன் வாழ்நாளில் கேட்ட ஒரே பொருள் அந்தச் சத்தியம். அதை மூன்று துண்டு வஞ்சிரத்துக்கு விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்த சாம்பாரை அன்று தொடக்கூட இல்லை.

அப்போது ஆய்வேட்டில் எங்கோ அமைத்த ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. அவர்கள் ஊரில் கல்யாணத்திலும் மற்ற நல்ல காரியங்களிலும் ஒரு முழுக் கெண்டையை, தலையிலிருந்து வால்வரை வெட்டாமல், மஞ்சளும் மசாலாவும் போட்டுச் சமைத்து, சம்பந்தி வீட்டுக்குக் கொடுப்பார்கள் என்று படித்த ஞாபகம். உறவு துண்டாகாமல் முழுசாக இருக்கட்டும் என்று பொருள். சரி, அதைச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழையோடு சிதம்பரம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். லால்பேட்டையிலிருந்து வந்த வீராணம் ஏரிக் கெண்டை, நல்ல பெரியதாக ஒன்று, வெட்ட வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் சுமத்ராக்காரர் குடையோடு நின்றிருந்தார். என் கதையால் வந்த வினை, நானும் வருகிறேன் என்று முந்தின இரவே போனில் சொல்லியிருந்தார்.

புதுச்சத்திரம் தாண்டும்வரை அவர் என் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பையில என்னாண்ணே?"

"கெண்ட. முழுசு. உங்க ஊரு வழக்கம்தான்."

அவர் பையின் வாயைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "அண்ணே, எங்க ஊர்ல அந்த மீனு பொண்ணு வீட்டுலேருந்துதான் மாப்பிள்ள வீட்டுக்கு வரும்" என்றார்.

"என்னா?"

"பொண்ணு குடுத்தவங்கதான் எங்களுக்கு ஒசத்தி. அவுங்க கையால குடுக்குற மீனு ஆசீர்வாதம். மாப்பிள்ள ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கணும். கேக்கக் கூடாது. அவுங்களா குடுக்கணும்."

"மாப்பிள்ள கொண்டுபோய்க் குடுத்தா என்னா ஆவும்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "தெரியலண்ணே. இதுவரைக்கும் யாரும் கொண்டுபோனதில்ல."

நாற்பது பக்கத்துக்கு ஓரம் சரிபார்த்தேனே, அந்த ஒரு வரியை ஒழுங்காகப் படித்திருக்கக் கூடாதா! ஆலப்பாக்கம் வந்தபோது இன்னொன்றும் உறைத்தது. மீனவர் வீட்டுக்கு நான் மீன் வாங்கிக்கொண்டு போகிறேன். அதுவும் கடல்கரை வீட்டுக்கு ஏரி மீன்.

மாமனார் வீட்டு வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் காற்றின் வேகம் பார்த்துக்கொண்டிருந்தார். புயல் எச்சரிக்கையால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஃபைபர் படகுகளை எல்லாம் மேட்டில் ஏற்றிவைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"வாங்க மாப்ள! ஞாயித்துக்கெழமன்னு புள்ளைங்க வந்துச்சிங்க, நீங்க மட்டும் வர்லியேன்னு பாத்தேன். பையில என்னா?"

எடுத்துக் காட்டினேன். அவர் கெண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கெண்டையைப் பார்த்தார்.

"ஏரி மீனா?"

"ஆமாம் மாமா."

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. மாமியார் வந்து மீனை வாங்கி, முகர்ந்து பார்த்து, "உப்பும் மஞ்சளும் போட்டு அஞ்சு வாட்டி கழுவுனாத்தான் இந்தச் சேத்து வாடை போவும்" என்று உள்ளே கொண்டுபோனார். கதவருகில் மனைவி நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளையும் சொல்ல விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த விஷயம் இந்த வீட்டுக்குள் வராமலே போய்விடும். ஏரி மீனைப் பற்றிச் சிரித்துப் பேசிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அவர்களை அழைத்துக்கொண்டு மாலையே திரும்பிவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எனக்கு நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார். அதன்மேல் உட்கார என்னால் முடியவில்லை.

"மாமா, அன்னிக்குப் படகுகிட்ட உங்க கையில சத்தியம் பண்ணேன். நேத்து அத ஒடச்சிட்டேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். குரல் மாறாமல் கேட்டார்: "யாருகிட்ட சொன்னீங்க?"

"பாப்பாகிட்ட."

"எப்ப?"

"சோறு கொண்டாந்தப்ப. பசியில. கோவத்துல."

எனக்குப் பக்கத்தில் நின்ற சுமத்ராக்காரர் மூச்சை இழுத்தது கேட்டது. இதே கேள்விகளைத்தான் அவர் என் கடையில் சொல்லியிருந்தார். நானோ அப்போது பக்க எண் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் பேத்தியைக் கூப்பிட்டார். "அப்பா என்னாம்மா சொன்னாரு?"

"மீனுக்குப் பொறந்த பொண்ணுன்னாரு தாத்தா."

"எதுக்கு?"

"அவரோட வறுவல நான் தின்னுட்டேன்."

"எத்தினி துண்டு?"

"ரெண்டு. மூணாவது ஃப்ரெண்டுக்கு."

"வஞ்சிரம் ரெண்டு துண்ட நின்ன எடத்துலயே தின்னியா? அப்ப நீ மீனுக்குப் பொறந்ததுதான், சந்தேகமே இல்ல" என்று சிரித்து அவள் தலையைத் தட்டினார். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இப்போது இல்லை.

"மீனுக்குப் பொறந்தவங்கதான் மாப்ள நாங்க. அதச் சொல்றதுல எனக்கு ஒரு வெக்கமும் கெடையாது, நானே சொல்லுவேன். நான் சத்தியம் வாங்குனது வார்த்தைக்காவ இல்ல. அதச் சொல்லும்போது உங்க மூஞ்சி எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். பந்தியில உங்க பெரியப்பாகிட்ட ஒரு வாட்டி பாத்துட்டேன். அந்த மூஞ்சிய எம்பொண்ணும் அவ பெக்குற புள்ளையும் பாக்கக் கூடாதுன்னுதான்."

சொல்லிவிட்டு, "வாங்க தம்பி, படகப் பாக்கலாம்" என்று சுமத்ராக்காரரை அழைத்துக்கொண்டு நடந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழை என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். மனைவிக்குத் தெரிந்தது.

அவள் கிட்டே வந்து, "நீங்களா சொல்லுவீங்களான்னுதான் நேத்திலேருந்து பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு இது போதும்" என்றாள். படகுப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அப்பாவுக்குப் போதுமான்னு எனக்குத் தெரியாது" என்றாள். மகளிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவால்லப்பா, ஆனா அடுத்த வாட்டி அஞ்சு துண்டா வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

தூரத்தில் படகின் விளிம்பில் உட்கார்ந்து மாமனாரும் சுமத்ராக்காரரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கையை விரித்து மீனின் நீளம் காட்டுவதும் தலையாட்டுவதும் தெரிந்தது. கெண்டைக் குழம்பில் மாமியார் புளியை இரண்டு மடங்காகக் கரைத்திருந்தும் சேற்று வாடை போகவில்லை. எல்லோரும் மரியாதைக்காகச் சாப்பிட்டோம். சுமத்ராக்காரர் மட்டும் ஆசையாக இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் நாலு பேரும் கிளம்பினோம். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு. கடலுக்கே யாரும் போகாதபோது மீன் எங்கிருந்து வரும், அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேருந்தில் சுமத்ராக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, எத்தன வருசமா அந்தப் பெட்டி வருது?"

"பதினாறு."

"பதினாறு வருசமா பொண்ணு குடுத்தவங்க மீனு குடுத்திருக்காங்க. எங்க ஊர்ல கல்யாணத்துக்கு ஒண்ணு, புள்ள பொறந்தா ஒண்ணு, அவ்வளவுதான். உங்களுக்கு மாசம் ரெண்டு." டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "நீங்க மூக்கத் திருப்பிகிட்டு வாங்குறத நான் பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கேன்" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, பார்த்ததைச் சொன்னார். அதனால்தான் அதிகமாகக் குத்தியது.

அடுத்த சனிக்கிழமை பெட்டி வரவில்லை. அது வரவேண்டிய வாரமும் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வெயில் அடித்தது, படகுகள் கடலுக்குப் போயிருந்தன, பெட்டி வரவில்லை. போன் போட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்கக் கூடாது, அவர்களாகக் கொடுக்க வேண்டும் என்ற அந்த வரி ஞாபகம் வந்தது. வீட்டில் நாங்கள் குரலை உயர்த்தினால் மகள் அறையிலிருந்து, "தண்ணி ஏறுதா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். கப்பென்று நிறுத்திவிடுவோம். அந்த மட்டும் வீடு சிரிப்பாகத்தான் இருந்தது. நான்தான் சனிக்கிழமை காலையில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை எட்டரைக்குப் போன் அடித்தது. "சார், பெட்டி வந்துருக்கு. வழக்கத்தவிட பெருசு" என்றார் கண்டக்டர்.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். பெட்டி உண்மையிலேயே நீளமாக இருந்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா சார் இன்னிக்கி, கோயில்ல பிரசாதம் வாங்குற மாரி வாங்குறீங்க?"

வீட்டில் மனைவி டேப்பைக் கிழித்தாள். உள்ளே முழு வஞ்சிரம். தலை, வால், துடுப்பு எல்லாம் அப்படியே. "அப்பா எப்பவும் வெட்டித்தானே அனுப்புவாரு? இது என்னா முழுசா?" என்றாள். படகு விளிம்பில் உட்கார்ந்து கை விரித்துப் பேசிய இரண்டு பேர் என் கண்முன் வந்தார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வாய் வராமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மீனின் பக்கத்தில் பாலித்தீன் சுற்றிய ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியில் ஒட்டிய டேப்பில் பால்பாயிண்ட் பேனாவால் மாமனார் எழுதியிருந்தார்: "பேத்திக்கு. வழியில் தின்ன." உள்ளே வறுத்த வஞ்சிரம், அஞ்சு துண்டு.

போன் அடித்தது.

"மாப்ள, பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சி மாமா."

"இந்த வாட்டி பெரிய பெட்டி, டேப்பு பத்தல. ஒழுவிச்சா?"

என் சட்டை முன்பக்கம் முழுக்க ஐஸ் தண்ணீரில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டுகூட ஒழுவல மாமா" என்றேன்.